தளமும் அணியும்

செய்யுளில் அணி பொருளை மறைத்தலாகாது என மாணாக்கர்க்கு உரைப்பேன். வீட்டுத் தளத்துக்கும் அவ்விதி உண்டென்பதை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லோயிட் ரைட்டின் வரலாற்றிற் கண்டேன்.

யப்பானிலே, தளத்தின் கீழிருந்து வெம்மை எழும் கொரிய முறை அறையொன்றில் அமர்ந்து வியந்தவர் அவர். குளிர் மிகுந்த மடிசன் நகரில் 1937இல் நிறைவுற்ற ஜேக்கப்ஸ் இல்லத்திலே, கொங்கிறீற்றுத் தளத்தின் கீழ்ச் சூடேற்றும் குழாய்களைப் பதித்தார்; தளத்துக்குச் செந்நிறம் ஊட்டி, அதனையே அணியாக்கினார். பின்னர்க் கலிபோர்ணியாவில் ஜோசப் ஐக்லர் கட்டுவித்த இல்லங்களும் தளத்தினுள்ளே குழாய் பதிக்கும் முறையைத் தழுவின.

அத்தகைய இல்லத்தைப் புதுக்குவோர்க்குத் தரை ஓடும் கல்லுமே உற்ற துணை. அவை வெப்பத்தை எளிதிற் கடத்தும். தடித்த கம்பளம் அதனைத் தடுக்கும். கனத்த மரப்பலகையோ தடையாவதோடு, உலர்ந்து சுருங்கி இடைவெளியும் விடும். பலகையை இறுக்க அடிக்கும் ஆணி குழாயைத் துளைத்தலும் கூடும்.

அழகு வேண்டத்தக்கதே, ஆயினும், உள்ளிருக்கும் வெம்மைக்கு வழிவிடும் அழகே அழகு.