பின்பல்டிக்கு ஏன் இத்தனை பயம்?

ஆற்று மணலில் முன்பல்டி அடித்துத் தள்ளும் பையன்கூட, பின்பல்டி என்றதும் காலால் மணலைக் கிளறிக்கொண்டு நிற்பான். கோழைத்தனம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பக்கம் தலையைக் கொண்டுபோக மூளை சம்மதிப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பயமே ஆபத்தையும் கூட்டிவருகிறது. தரையைத் தேடி, முழுதாக எம்புவதற்கு முன்பே தலையைப் பின்னால் எறிவோம். உயரம் போச்சு. உடல் அரை மீட்டர் எழும்பினால் காற்றில் கிடைப்பது சுமார் 0.64 வினாடி; கால் மீட்டர் என்றால் 0.45தான். சுழல்வதற்கான உந்தம் கால் தரையை விடும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு நம் கையில் இருப்பது முழங்காலை மார்போடு இறுக்குவது மட்டும்: உடல் சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகமெடுக்கும். நடுவில் மனம் மாறி உடலை விரித்தால் சுழற்சி மந்தமாகி, கழுத்து அடிபட விழ நேரிடும்.

அதனால்தான் துண்டு துண்டாகப் பழக்குகிறார்கள். முதலில் மெத்தையில் பின்கரணம். அப்புறம் கைகள் காதோரம், பார்வை நேரே, வெறும் எம்பல், சலிக்கும்வரை. பிறகு பயிற்சியாளர் ஒரு கையை இடுப்பிலும் மற்றதைத் தொடையின் பின்புறத்திலும் கொடுத்துச் சுழற்றிவிடுவார். யூடியூப் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் தனியே முயல்வது வேண்டவே வேண்டாம்.

கற்றபின்னும் சிக்கல் வரலாம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கே காற்றில் திசை தப்பியது. இரண்டரை முறுக்குப் போட வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கி, அணிப் போட்டியிலிருந்து விலகினார். ஒரு வாரம் கழித்து, முறுக்கே இல்லாத இறக்கத்தோடு பீம் எனும் சமநிலைக் கட்டையில் வெண்கலம் வாங்கினார்.