ஐந்து மில்லிசெகண்டும் ஒரு அமெச்சூர் கேமராவும்

2024 நேரு டிராபி படகுப் போட்டியின் இறுதிச் சுற்றில் காரிச்சால் சுண்டன் எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிடம் 29.785 நொடி. அடுத்து வந்த வீயபுரம் சுண்டனுக்கு 4 நிமிடம் 29.790 நொடி. வித்தியாசம் வெறும் 5 மில்லிசெகண்ட். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம்: ஷட்டர் வேகத்தை 1/200 என்று வைத்தால், அது திறந்து மூடவே 5 மில்லிசெகண்ட் ஆகும். படகு நொடிக்குச் சுமார் 5 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் அது நகர்வது இரண்டரை சென்டிமீட்டர்!

ஆக, யார் ஜெயித்தார்கள் என்று நம் படத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்ற ஆசையை முதலிலேயே மூட்டைகட்டி வைத்துவிடலாம். தடகளப் போட்டிகளில் இருக்கும் போட்டோ ஃபினிஷ் கேமரா வேறு சாதி. அது வெற்றிக்கோட்டை மட்டும் மெல்லிய கீற்றாக நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பதிந்து, கீற்றுகளை வரிசையாக ஒட்டிவைக்கிறது. அந்தப் படத்தின் குறுக்கே நீள்வது இடம் அல்ல, நேரம்.

ஆலப்புழை புன்னமடைக் காயலுக்கு நான் முதல் தடவை போனபோது இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கையில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 250 மில்லிமீட்டர் வரை இழுக்கும் மலிவான லென்ஸ். வேகம்தான் பிரச்சினை என்று நினைத்துப் போனேன். உண்மையில் பிரச்சினை நீளம். சுண்டன் வள்ளம் நூறடிக்கு மேல் நீளம், அதில் நூறு பேர் அளவில் இருப்பார்கள். பக்கவாட்டில் நின்று முழுப் படகையும் அடக்கினால் ஆட்கள் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிடுவார்கள். நெருங்கி எடுத்தால் படகு எங்கே என்று தேட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி, படகு நம்மை நோக்கிச் சாய்வாக வரும் இடத்தில் நிற்பது. டெலி லென்ஸில் தூரம் சுருங்கித் தெரியும். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரும். (படகின் முன்பகுதியை அங்கேயும் அணியம் என்றுதான் சொல்கிறார்கள். நம் கடற்கரை மீனவர்களின் அதே சொல்.)

அடுத்தது தாளம். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. என் கேமரா நொடிக்கு நாலு படம் எடுக்கும். துடுப்புகள் நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் விழுகின்றன. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு வீச்சுக்கு மூன்று படம் தேறும். எல்லாத் துடுப்பும் மேலே நிற்கும் அந்தக் கணம் மூன்றுக்கும் நடுவில் விழுந்து தொலையும். அன்று இருநூறு படம் எடுத்தேன், அந்தக் கணம் ஒன்றில்கூட இல்லை. அப்புறம்தான் காது வேலை செய்தது. படகின் நடுவில் நிற்பவர்கள் தடியால் பலகையில் இடித்துத் தாளம் கொடுப்பார்கள். அதைக் கேட்டு நாலைந்து வீச்சு மனசுக்குள் எண்ணிக்கொண்டு, ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும். பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதம்தான். கண் பார்த்து விரல் அசைய ஐந்தில் ஒரு நொடி போய்விடுகிறது.

ஷட்டர் 1/1000க்குக் கீழே வேண்டாம். படகைவிடத் துடுப்பின் நுனி வேகம், தெறிக்கும் துளியும் அப்படித்தான். மழைக்காலம் என்பதால் வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓவை ஏற்றத்தான் வேண்டும். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். வெளிர்ந்த வானமும் அதைக் காட்டும் தண்ணீரும் சேர்ந்து கேமராவை ஏமாற்றும், முகங்கள் கரிக்கட்டையாகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்போ ஒன்றோ கூட்டிவைத்தேன், சரியாக வந்தது. போலரைசர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். இருக்கிற வெளிச்சத்தையும் அது தின்றுவிடும்.

மதியத்துக்குமேல் கரையில் ஒரு துழைச்சல்காரர், முதல் சுற்றிலேயே வெளியேறிய படகுக்காரர், என் கேமராவை எட்டிப் பார்த்தார். அவர் படகின் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். தெறிப்பு, துடுப்பு, கறுத்த மரம் எல்லாம் கூர்மையாக இருந்தன. அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார்.

"இதில் ஞான் எவிடே?"

முப்பதாவது ஆளோ என்னவோ, அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் முன்னால் இருந்தவரின் துடுப்பும் ஒரு வீச்சுத் தண்ணீரும்தான் இருந்தன. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, நாலரை நிமிடம் துழைந்து, படத்தில் ஆளே இல்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

இருநூறையும் இருவருமாகத் தேடினோம். கடைசியில் ஒன்று கிடைத்தது. போட்டி தொடங்குமுன் படகு மெல்லத் திரும்பியபோது, கேமரா செட்டிங்கை மாற்றுகிற அவசரத்தில் கைதவறி விழுந்த படம். ஷட்டர் 1/30. எல்லாமே லேசாக இழுபட்டிருந்தது. அவர் மட்டும் கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அழிக்கலாம் என்று குறித்துவைத்திருந்த படம் அது. வாட்ஸப்பில் அனுப்பினேன். இன்றுவரை அவருடைய டிபி அதுதான்.