உஷார்! லென்ஸ் விலையைக் கேட்கும் முன் கண்ணை அளந்த விதத்தைக் கேளுங்கள்

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் லென்ஸ் எந்தக் கம்பெனி, என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். மதுரையில் 1992-இல் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் தொடங்கிய பிறகு லென்ஸ் ஏழைக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது. ஆனால் கண்ணை எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்பவர் அரிது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை மக்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

சராசரிக் கண்ணின் நீளம் சுமார் 23.5 மில்லிமீட்டர். அளவில் 1 மி.மீ. பிசகினால் லென்ஸ் பவர் இரண்டரைக்கு மேல் பிசகும். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக வைத்த செயற்கை லென்ஸிலேயே பவர் கணக்கு தப்பியது. அந்த நோயாளிக்கு மைனஸ் 18 அளவுக்குக் கிட்டப்பார்வை வந்தது.

ஒலியால் அளக்கும் ஏ-ஸ்கேன் கருவியின் முனையைக் கருவிழியில் தொட்டு அளக்கும்போது கை சற்று அழுத்தினாலே கண் அமுங்கி, நீளம் குறைவாகக் காட்டும். முனைக்கும் கண்ணுக்கும் நடுவே திரவம் நிரப்பி அளந்தால் அந்த அழுத்தம் இல்லை. ஒளியால் அளக்கும் ஆப்டிகல் பயோமீட்டர் கண்ணைத் தொடுவதே இல்லை. ஆனால் முற்றி வெளுத்த புரைக்குள் பல நேரம் ஒளி புகாது. டாக்டர்களே, புது மெஷின் வாங்கிய கையோடு பழைய ஏ-ஸ்கேனை விற்றுவிடாதீர்கள்! புரையை முற்றவிட்டு வரும் பெரியவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

பட்டாசு வெடித்து அடிபட்ட கண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கருவிழியில் தையலும் தழும்பும் இருந்தால் அதன் வளைவை மெஷின் தப்பாகப் படிக்கும். தேவைப்பட்டால் நல்ல கண்ணின் வளைவை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதனால் ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேஷன் என்றாலும் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நீளத்தில் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் சிலிக்கான் எண்ணெய்தான். விழித்திரை கிழிந்து ஆபரேஷன் செய்தவர்களில் சிலருக்குக் கண்ணுக்குள் அதை நிரப்பியிருப்பார்கள். கண்ணின் உள்நீரில் ஒலி வினாடிக்கு 1532 மீட்டர் போகும், இந்த எண்ணெயில் சுமார் 1000 மீட்டர்தான். வேகத்தை மாற்றி அமைக்காமல் ஏ-ஸ்கேன் எடுத்தால் 23 மி.மீ. கண் 30-ஐத் தாண்டிக் காட்டும். எண்ணெய் இருப்பது அளக்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டும்.

பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே? பீரோவில், டிரங்குப் பெட்டியில், எங்கே கிடந்தாலும் இன்றைக்கே தேடி எடுங்கள். அளக்கப் போகும்போது அது கையில் இருக்கட்டும்.