பாட்டு போஜ்புரி, பட்டயம் இந்திக்கு!

"இந்தியைப் பரப்ப இனிச் சட்டம் வேண்டாம், சர்க்காரும் வேண்டாம், சினிமாப் பாட்டே போதும்! தமிழ்நாட்டு இளைஞனும் தாளம் போடுகிறான். பிறகு ஏன் எதிர்ப்பு?" என்று கேட்போர் உண்டு.

கேட்கட்டும். பதில் நம்மிடம் இருக்கிறது.

பாட்டின்மீது நமக்குப் பகையில்லை. 1965-லே மொழிப் போராட்டக் களத்திலே உயிரையும் கொடுத்த நாடு இது. நாலே ஆண்டு கழித்து, 1969-லே வந்த 'ஆராதனா' என்னும் இந்திப் படத்தைச் சென்னைக் கொட்டகைகளிலே வாரக்கணக்கில் ஓடவைத்ததும் இதே நாடுதான். முரண்பாடா? இல்லை! விரும்பிக் கேட்பது ரசனை. விரும்பாதவன் தலையிலே கட்டுவது ஆதிக்கம். விருந்தாளிக்கு வாசலைத் திறப்போம். அவரே வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால் எடுத்து நீட்டுவோமா?

அது கிடக்கட்டும். ஆடவைக்கும் அந்தப் பாட்டுகள், அவைதாம் யாருடையவை?

1961-லே வந்தது 'கங்கா ஜமுனா'. அதிலே திலீப்குமார் பேசியது டெல்லிச் செயலகத்து இந்தி அல்ல. அவத் நாட்டுக் குடியானவனின் கொச்சை. 1966-லே 'தீஸ்ரி கசம்' வந்தது. பீகாரின் நாட்டுப்புற மேடையான நௌடங்கிதான் அதன் உயிர். அதிலே நௌடங்கிக்காரியாக ஆடியவர் நமது செங்கற்பட்டிலே பிறந்த வகீதா ரகுமான்! 1999-லே 'ஹம் தில் தே சுகே சனம்' படத்திலே நாடே முணுமுணுத்த எலுமிச்சம்பழப் பாட்டு, ராஜஸ்தான் பாலைவனத்து மாங்கணியார்கள் வழிவழியாகப் பாடியது. 2009-லே 'டெல்லி-6' படத்திலே ஒலித்த மாமியார் வீட்டுப் பாட்டு, சட்டீஸ்கரத்துப் பெண்களின் பாட்டு. படத்திலே அதற்கு இசையமைத்தவர் நமது ஏ.ஆர். ரகுமான். பாங்க்ரா பஞ்சாபியுடையது. கர்பா குஜராத்தியுடையது. லாவணி மராத்தியுடையது. பாட்டு இவர்களுடையது, படத்தின் பெயர் மட்டும் இந்திப் படம்!

திரையிலே நடப்பதுதான் கணக்கேட்டிலும் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கிலே இந்தி பேசுவோர் ஏறத்தாழ 52.8 கோடி என்று எழுதினார்கள். "பார்த்தீர்களா பெரும்பான்மையை!" என்று மார்தட்டினார்கள். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். இந்தியே எங்கள் தாய்மொழி என்று சொன்னவர்கள் 32.2 கோடிதான். மிச்சம்? போஜ்புரி 5 கோடி, ராஜஸ்தானி 2.5 கோடி, சட்டீஸ்கரி 1.6 கோடி, இன்னும் மகஹி, அவதி என்று 50-க்கும் மேற்பட்ட தாய்மொழிகளை ஒரே சாக்கிலே கொட்டி, வாயைக் கட்டி, 'இந்தி' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள்! 5 கோடி பேர் பேசும் போஜ்புரிக்கு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலே இன்றளவும் இடமில்லை.

ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது 1963-லே. முதல் போஜ்புரிப் படம் திரைக்கு வந்ததும் அதே 1963-லேதான். டெல்லியிலே இந்திக்கு அரியணை ஜோடித்த ஆண்டிலே, பாட்னாவிலே ஒரு மக்கள் கூட்டம், "எங்களுக்கும் ஒரு மொழி உண்டு" என்று திரை கட்டிச் சொன்னது. ஆகவே, வடபுலத்து உழவன் நமக்குப் பகைவன் அல்லன். பாட்டையும் பறிகொடுத்து, பெயரையும் பறிகொடுத்து நிற்கும் தோழன் அவன்.

அவன் கதையைச் சொல்லும் நாம், நம் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

திருவண்ணாமலை! 1957-லே கழகம் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இருவரிலே, நாமக்கல் தந்தவர் ஈ.வெ.கி. சம்பத்; மற்றவரான இரா. தர்மலிங்கத்தைத் தந்தது இந்தத் தொகுதி. கார்த்திகைத் தீபத்தன்று இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் ஊர். இந்த மாவட்டந்தான் தெருக்கூத்தின் தாய்வீடுகளிலே ஒன்று. செய்யாறு பக்கத்துப் புரிசையிலே பிறந்த கண்ணப்பத் தம்பிரான், இந்தக் கலைக்காகச் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். திரௌபதி அம்மன் திருவிழாவிலே பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. முகவீணை முழங்க, மத்தளம் அதிர, கட்டியக்காரன் ஊர்ப் பெரிய மனிதரையும் கேலி செய்வான், ஊரே சிரிக்கும். பத்திரிகை படிக்கத் தெரியாத மக்களுக்கு அவன்தான் தலையங்கம்!

அந்தக் கலைஞனுக்கு நாம் தந்த மரியாதை என்ன? "கூத்தடிக்காதே" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். "என்ன கூத்து இது?" என்று முகம் சுளிக்கிறோம். ஒரு கலையின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1989-லே 'கரகாட்டக்காரன்' படம் ஓராண்டு தாண்டி ஓடியது. இளையராஜாவின் இசைக்கு ஆடாத கால் இல்லை. அந்தப் படத்துக்குக் கைதட்டிய கைகளிலே எத்தனை, ஊர்த் திருவிழாவிலே கரகம் ஆடிய பெண்ணைக் கண்ணியமாக வணங்கின? திரையிலே பறை அதிர்ந்தால் சீட்டி அடிக்கிறோம். தெருவிலே பறை அடித்தவனைத் திண்ணையிலே உட்காரவிட்டோமா?

கலைஞர் ஆட்சியிலே, 2007-லே, 'சென்னை சங்கமம்' தொடங்கியது. பூங்காவிலும் வீதியிலும் பறையும் கரகமும் கூத்தும் தலைநிமிர்ந்து வந்தன. இடையிலே நின்றுபோன விழா 2023-லே மீண்டும் எழுந்தது. மகிழ்கிறோம். ஆனால் பொங்கலையொட்டிச் சில நாள் மாலை சூட்டிவிட்டு, ஆண்டின் மற்ற நாளெல்லாம் மறந்துவிட்டால் போதுமா?

2012-லே பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை காக்கப்பட்டது. நல்லது. ஊர்ப் பாட்டுக்கு ஆசிரியர் யார்? ஊர்தான்! ஊருக்குப் பங்கு எங்கே? "மரபுப் பாடல்" என்று ஒரு சொல்லைத் திரையிலே போட்டுவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

ஆகவே கேட்கிறோம். படமெடுப்போரே, எந்த மண்ணின் பாட்டை எடுத்தீரோ, அந்த மண்ணின் பெயரையும் மக்களின் பெயரையும் திரையிலே எழுதுங்கள். கிடைக்கும் பணத்திலே அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். டெல்லி ஆட்சியாளரே, போஜ்புரியைப் போஜ்புரி என்றே எண்ணுங்கள். ராஜஸ்தானியை ராஜஸ்தானி என்றே எழுதுங்கள். தமிழ்ப் பெருமக்களே, அடுத்த திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பணம் கொடுக்குமுன், பக்கத்து ஊர்க் கூத்துக் குழுவைத் தேடிச் செல்லுங்கள். நியாயமான கூலி பேசுங்கள். வந்தவரை நாற்காலி போட்டு உட்காரவையுங்கள்.

பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்லும் மொழி நம்மை ஆள வருகிறது. நம் பாட்டை நாமே மதிக்காவிட்டால், எதிர்த்து நிற்க நமக்கு ஏது குரல்?