மறக்கும் சில்லு

உள்ளங்கையில் அடங்கிவிடும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறைக் கணினியில்தான் முதன்முதலாக அதற்குள்ளேயே புளூடூத் வசதி சேர்க்கப்பட்டது. அத்தகைய ஒரு கணினியில், மாணவர் குழு ஒன்று மூன்று மாதமாகச் செய்த செயல்திட்டம் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். படைப்புக்கு முதல் நாள், புளூடூத் விசைப்பலகை திடீரெனச் செயலிழக்கிறது. சில வினாடிகளில் அதுவாகவே மீள்கிறது. பத்து நிமிடம் கழித்து மீண்டும் அதே தொல்லை. “எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடலாம்” என்று குழுவில் ஒருவர் கூறக்கூடும். நினைவக அட்டையை அழித்தால் மூன்று மாத உழைப்பு போய்விடும். பழுதோ அப்படியே இருக்கக்கூடும்.

பழுதின் காரணத்தை அறிய, புளூடூத் எவ்வாறு இயங்கத் தொடங்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வானலைகளை அனுப்பவும் பெறவும் கணினிக்குள் தனியாக ஒரு சில்லு உள்ளது. அதுவே புளூடூத் கட்டுப்படுத்தி. அந்தச் சில்லும் ஒரு குட்டிக் கணினிதான். அதற்கெனச் செயலியும் சிறிதளவு நினைவகமும் உண்டு. அது எப்படிச் செயல்பட வேண்டும் என்று கூறும் கட்டளைத் தொகுப்பை நிலைபொருள் என்பர்.

நிலைபொருள் முழுவதும் சில்லில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் எனப் பலர் நினைக்கின்றனர். பல சில்லுகளில் அப்படியில்லை. அடிப்படைப் பகுதி மட்டுமே சில்லில் பதிந்திருக்கும். திருத்தங்கள் அடங்கிய மீதிப் பகுதி, கணினியில் ஒரு கோப்பாக இருக்கும். கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும், இயக்கி என்னும் மென்பொருள் அக்கோப்பை எடுத்துச் சில்லின் தற்காலிக நினைவகத்தில் ஏற்றுகிறது. மின்சாரம் நின்றால் அந்நினைவகம் துடைத்த கரும்பலகையைப் போல் வெறுமையாகிவிடும். ஒவ்வொரு நாளும் பாடத்தை முதலிலிருந்து கற்பிக்க வேண்டிய மாணவனைப் போன்றது இச்சில்லு!

இப்போது சிக்கல் எங்கே எழுகிறது என்பது விளங்கும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சில்லு முழுமையாக மீட்டமைக்கப்பட்டால், அது கற்ற பாடத்தை மறந்துவிடும். இயக்கி மீண்டும் நிலைபொருளை ஏற்றும்வரை விசைப்பலகை, ஒலிபெருக்கி எல்லாம் துண்டிக்கப்படும். ஏற்றும் வேலையும் தோல்வியுற்றால், அக்கணினியில் புளூடூத்தே இல்லாதது போல் தோன்றும்.

இத்தகைய வேளையில் பலரும் செய்வது, இணைத்த கருவியை நீக்கிவிட்டு மீண்டும் இணைப்பது. இது பெரும்பாலும் வீண் வேலை. கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் இரகசியத் திறவுகோல்களை லினக்ஸ் கணினியின் சேமிப்பகம் வைத்திருக்கிறது. சில்லு மறந்தாலும் கணினி அவற்றை மறப்பதில்லை.

எனவே, எதையும் மாற்றுவதற்கு முன் பதிவேட்டைப் படிக்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், தான் காண்பதையெல்லாம் நேரத்துடன் குறித்து வைக்கிறது. ‘டிமெசேஜ்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால் அக்குறிப்புகளைத் திரையில் காணலாம். கணினியை மறுதொடக்கம் செய்தால் இந்தப் பட்டியல் புதிதாகத் தொடங்கும். பழைய தடயங்கள் அதில் இருக்கமாட்டா. ஆகவே, முதலில் அதை ஒரு கோப்பில் படியெடுத்து வைப்பதே அறிவுடைமை.

பதிவேட்டில் வரும் எண்கள் பொருளற்றவை போல் தோன்றினாலும் அவை தெளிவாகவே பேசுகின்றன. பிழை எண் -2 என்றால், தேடிய கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். அதாவது, நிலைபொருள் கோப்பே கணினியில் இல்லை. உரிய தொகுப்பை நிறுவினால் போதும். பிழை எண் -110 என்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். சில்லுக்கு ஒரு கட்டளை அனுப்பிவிட்டுக் கெர்னல் வழக்கமாக 2 வினாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் அதைப் பிழையாகக் குறிக்கும். முன்னது இல்லாமை; பின்னது பேச்சற்றுப் போனமை. இரண்டுக்கும் மருந்து வேறு.

சில்லு ஏன் பேச்சற்றுப் போகிறது? ராஸ்பெர்ரி பை கணினியில் முதலில் ஐயுற வேண்டியது மின்சாரத்தை. மூன்றாம் தலைமுறைக் கணினிக்கு 2.5 ஆம்பியரும் நான்காம் தலைமுறைக்கு 3 ஆம்பியரும் தரக்கூடிய மின்னேற்றி பரிந்துரைக்கப்படுகிறது. கையில் கிடைத்த பழைய திறன்பேசி மின்னேற்றியையும் மெல்லிய கம்பியையும் பயன்படுத்தினால், 5 வோல்ட்டாக இருக்க வேண்டிய மின்னழுத்தம் சரியலாம். அது ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னழுத்தக் குறைவு எனப் பதிவேடு எச்சரிக்கும். புளூடூத் பிழைக்குச் சற்று முன்பாக அந்த எச்சரிக்கை இருந்தால், மாற்ற வேண்டியது மின்னேற்றியைத்தான், இயங்குதளத்தை அன்று.

மடிக்கணினியில் கதை வேறு. அங்கே புளூடூத் சில்லு பெரும்பாலும் யுஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருக்கும். மின்கலத்தைச் சேமிப்பதற்காக, சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியை லினக்ஸ் உறங்க வைக்கும். சில சில்லுகள் அந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. கெர்னல் அவற்றை மீட்டமைத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கும். புளூடூத்துக்கு மட்டும் அந்தத் தானியங்கு உறக்கத்தை நிறுத்தி, ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்தால் காரணம் அதுதானா என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு வியப்பும் உண்டு. மடிக்கணினியை மறுதொடக்கம் செய்யும்போது, சில்லுக்குச் செல்லும் மின்சாரம் சில வேளைகளில் நிற்பதே இல்லை. குழம்பிய நிலையிலேயே அது அடுத்த தொடக்கத்துக்கும் வந்து சேரும். “பத்து முறை மறுதொடக்கம் செய்தும் சரியாகவில்லை” என்று சலித்துக்கொள்வோர், ஒருமுறை முழுமையாக அணைத்து, மின்கம்பியையும் கழற்றிச் சிறிது நேரம் காத்திருந்தால் புளூடூத் திரும்பி வருவதைக் காணலாம்.

எல்லாத் துண்டிப்பும் சில்லின் குற்றம் அன்று. பதிவேட்டில் பிழை எதுவுமின்றி விசைப்பலகை மட்டும் துண்டிக்கப்பட்டால், அதன் மின்கலத்தைப் பாருங்கள். அருகில் யுஎஸ்பி 3.0 வன்தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் இரைச்சல், புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும்.

எதைச் செய்து பார்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மின்னேற்றியையும் அமைப்பையும் கோப்பையும் ஒன்றாக மாற்றிச் சிக்கல் தீர்ந்துவிட்டால், எது தீர்த்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அது மீண்டும் தலைகாட்டும்போது தேடலை முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

இத்தனைக்கும் பிறகு பழுது நீங்காவிட்டால், குறை நிலைபொருளிலேயே இருக்கலாம். லினக்ஸின் மூல நிரலை யாரும் படித்துத் திருத்தலாம். ஆனால், நிலைபொருளின் மூல நிரலைச் சில்லு நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அந்நிறுவனம் திருத்திய கோப்பை வெளியிடும்வரை, பயனர் முன்பு சரியாக இயங்கிய பழைய கோப்புக்குத் திரும்பலாம். அல்லது, யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய புளூடூத் ஏற்பி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தலாம்.