பதுளைக்குப் போகிற வழியில் ஒரு கரிக் கணக்கு

பண்டாரவளையிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீற்றர். ஆட்டோவிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம், கோச்சியிலும் போகலாம். எதில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து, நம் பேரில் காற்றில் சேரும் கரியமில வாயு பல மடங்கு கூடும், குறையும்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். டீசல் என்றால் 2.7 கிலோ. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் ஆட்டோவில் ஒருவர் தனியாகப் போய்வந்தால் ஐந்தரைக் கிலோ. மூன்று பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவு. பஸ் லீற்றருக்கு 4 கிலோமீற்றர்தான் ஓடும் என்று வைத்தாலும், 50 பேர் ஏறியிருந்தால் ஒருவர் பங்கு ஒரு கிலோவைத் தொடாது.

கோச்சியும் டீசலில்தான் ஓடுகிறது. ஆனால் இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது தடை மிகக் குறைவு. பெட்டிகள் நிறைந்தால் ஆளுக்குச் செலவாகும் எண்ணெய் கொஞ்சம்தான். 1894இல் பண்டாரவளைக்கு வந்த பாதை பதுளையை எட்ட 1924 ஆனது. சரிவைச் சமாளிக்கத் தெமோதரையில் பாதை பெரிய வட்டமடித்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. அன்று தேயிலைக்காகப் போட்ட பாதை இது. இன்று எல்லவில் படம் பிடிக்க வருவோருக்கு மட்டுமானதாக அது சுருங்கிவிடக் கூடாது; பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களின் நேரத்துக்கு அது ஓட வேண்டும்.

லயத்திலிருந்து மலைக்கு நடந்தே போய்க் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய் "புகையைக் குறையுங்கள்" என்று சொல்வது அநியாயம். பஸ் சந்தியோடு நின்றுவிடும் தோட்டங்களில், நோயாளியையோ அரிசி மூட்டையையோ கொண்டுபோக ஆட்டோவை விட்டால் வேறு வழி கிடையாது. அங்கே வேண்டியது உபதேசமல்ல, செப்பனிட்ட தோட்டப் பாதையும் அதில் வரும் இ.போ.ச. பஸ்ஸும்தான். வழக்கத்தை மாற்ற வேண்டியவர்கள், பஸ் போகும் ரோட்டிலேயே தனியாகக் கார் ஓட்டுகிற டவுன்காரர்கள்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்து கொடுத்தார்கள். அந்தக் கட்டாயம் 2023இல் நீங்கியது. ஆனாலும் சந்தை, பேங்க், கிளினிக் மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்வது யாருக்கும் கைகூடும்.

2025 நவம்பரில் தித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் சிதைத்தன. பாதை அறுந்தால் கோச்சிப் பயணிகள் அத்தனை பேரும் ரோட்டுக்குத்தான் வர வேண்டும். ஆகவே தண்டவாளத்தின் மேலுள்ள சரிவுகளைக் கட்டிக் காப்பதையும் ஊவா மாகாணத்தின் புகைக் குறைப்பு வேலையாகவே கருதிப் பணம் ஒதுக்க வேண்டும்.