பிளக்கின் நிறமும் இறைப்பு இயந்திரத்தின் நிலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினூடாகக் கீழிறங்கிய மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கப்படுகின்றன. முன்னாளில் துலா மிதித்து இறைத்தனர். பின்னர் அவ்வேலையை இயந்திரம் ஏற்றது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, இயந்திரம் வீணாக்கும் எரிபொருளின் பெறுமதியைக் கமக்காரர் நன்குணர்ந்தனர்.

இறைப்பின் நடுவில் இயந்திரம் நின்றுவிட்டால், பலர் உடனே புதிய பிளக் ஒன்றை வாங்கிப் பூட்டுவர். இயந்திரம் சில நாள் ஓடும். பின் முன்போலவே நிற்கும். வெங்காயம் காய் பருக்கும் காலத்தில் இவ்வாறு நேரின் விளைச்சல் குறையும். பெரும்பாலும் குற்றம் பிளக்கில் அன்று. பிளக் அக்குற்றத்தைக் காட்டும் சாட்சியே. ஆகவே அதனை எறியுமுன் அதன் நுனியைப் பார்த்தல் வேண்டும்.

பார்க்கும் முறை

இயந்திரம் சிறிது நேரம் நீரிறைத்த பின்னர் அதனை நிறுத்துக. வேகங் குறைத்து நெடுநேரம் ஓடவிட்டு நிறுத்தினால், நுனியிற் புகை படிந்து உண்மை மறையும். சூடு ஆறியபின், பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுக. துடையாது கழற்றினால் மண் உருளைக்குள் விழும்.

நிறங்களும் காரணங்களும்

1. இளங்கபிலம் அல்லது சாம்பல் கலந்த கபிலம்: எரிபொருளும் வளியும் அளவாகக் கலந்து நன்கு எரிகின்றன. ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை.

2. உலர்ந்த கரி: எரிபொருள் மிகுதி அல்லது வளி குறைவு. வளி வடிகட்டியிற் தூசி அடைத்திருத்தல், சோக்கைத் திறவாது ஓட்டுதல் என்பன முதலிற் பார்க்கத்தக்கவை.

3. எண்ணெய் படிந்த கரி: தேய்ந்த பிஸ்ரன் வளையங்களினூடாக ஒயில் மேலேறுகின்றது. பிளக்கை மாற்றுவதால் இது தீராது.

4. வெண்மை, கொப்புளம்: மிகைச்சூடு. எரிபொருள் குறைவாகச் செல்லுதல், காபுரேற்றர்ப் பூட்டில் வளி புகுதல், பிளக் இறுகாதிருத்தல், குளிர்த்தகடுகளில் வைக்கோலும் மண்ணும் அடைத்தல் என்பன காரணமாகலாம். இதுவே மிக ஆபத்தானது. கவனியாதுவிடின் பிஸ்ரன் உருகித் துளைபடவுங் கூடும்.

இவற்றின் அடிப்படை வெப்பமே. நுனி சுமார் 450 பாகை செல்சியசை அடைந்தால் படிந்த கரி தானே எரிந்துவிடும். 850 பாகையை மிஞ்சினால், பொறி தோன்றுமுன்னரே நுனியின் வெப்பம் கலவையைக் கொளுத்திவிடும்.

மண்ணெண்ணெயில் ஓட்டுவோர்க்கு

பெற்றோலில் தொடக்கி, இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. அவசரப்பட்டு மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பிளக் கரிபடியும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயிலின் மட்டம் ஊற்றாமலே உயர்ந்திருந்தால் இதுவே காரணமென ஐயுறுக. இறைப்பு முடியுமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தினால், மறுநாள் தொடக்குவது எளிது. டீசல் இயந்திரத்திற்குப் பிளக் இல்லையாதலால் இவை அதற்குப் பொருந்தா.

மீண்டும் பூட்டுதல்

மின்வாய்களுக்கிடையேயுள்ள இடைவெளியை அளந்து பார்க்க. இக்காலச் சிறிய நான்கடிப்பு இயந்திரங்கள் பலவற்றுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை பொருந்தும். எனினும் இயந்திரத்துடன் தரப்பட்ட கைந்நூல் கூறும் அளவே முடிவானது. பீங்கான் வெடித்திருந்தாலோ மின்வாய் தேய்ந்திருந்தாலோ புதியது பூட்டுக. முதலிற் கையாலேயே திருகுக. அடியிற் பொருந்திய பின் பழைய பிளக்கைச் சாவியால் கால் சுற்றுக்கு மேற்படாமலும், புதியதை அரைச் சுற்றும் இறுக்குதல் போதும். மிகைப்பட இறுக்கினால் புரி கெடும்.

ஒவ்வொரு போகத்திலும், இறைப்புத் தொடங்குமுன் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் கமக்காரர், பழுது சிறிதாயிருக்கும்போதே அதனை அறிவர். அதற்குச் செலவாவது கால் மணி நேரமே.